எல்லா டெஸ்டும் பாஸ்

ஓஎல்லில் கணிதத்துக்கு சாதாரண சித்தி எடுத்தவன் நான். எந்தத் தாளிலும் நூற்றுக்கு நூறு என் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் எழுதிய டெஸ்ட் ஸ்கிரிப்ட் இரவிரவாக ஓடி, காலையில் நூற்றுக்கு நூறு காட்டினால் புத்தியுள்ள ஆள் என்ன செய்வான்? சந்தேகப்படுவான். நான் ஸ்கிரீன்ஷொட் எடுத்து குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

பெரியப்பா மட்டும் பதில் போட்டார்: "வாழ்த்துகள் மகன். எந்தக் கெம்பஸ் கிடைச்சிருக்கு?"

வீடு கட்டுகஸ்தோட்டையில். வேலை கண்டி டவுனில். விசிட்டிங் கார்டில் சொஃப்ட்வெயர் இன்ஜினியர் என்று போட்டிருக்கும். பிரிண்டருக்குள் பேப்பர் சிக்கினால் முதலில் கூப்பிடுவது என்னைத்தான்.

நம் நாட்டில் ஓப்பன் சோர்ஸ் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய இங்குள்ள தன்னார்வலர்கள் அவசர அவசரமாக எழுதிய 'சஹானா' என்ற சொஃப்ட்வெயர் பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களுக்கும் போய் உதவியது. இந்தப் பெருமையைப் பல கல்யாண வீடுகளில் நான் சாப்பாட்டு மேசையில் பேசியிருக்கிறேன். கேட்பவர்கள் அதில் எனக்கும் பங்கிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள், நானும் திருத்துவதில்லை. உண்மையில் அப்போது நான் பள்ளிக்கூடத்தில் பேப்பர் ரொக்கட் விட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குற்றவுணர்ச்சிதான் காரணம் என்று நினைக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே லினக்ஸ் கேர்னலில் ஒரு வரி எழுதுவது என்று இறங்கினேன். கேர்னல் என்றால் ஓப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளம். மெமரி யாருக்கு எவ்வளவு, டிஸ்கில் எதை எங்கே எழுதுவது, எந்த புரோகிராம் எப்போது ஓடுவது, எல்லாம் அதன் கையில். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது, இன்றைக்கு மூன்று கோடி வரிகளைத் தாண்டி, அன்ட்ரொயிட் போனிலிருந்து சுப்பர் கொம்பியூட்டர் வரைக்கும் ஓடுகிறது. மூன்று கோடி வரிக்குள் என் ஒரு வரி பிழைத்தால் யார் கண்ணில் படப்போகிறது? இந்தத் துணிச்சலை விட்டால் எனக்கு வேறு தகுதி இருக்கவில்லை.

நான் கைவைத்த இடம், பைல்களை டிஸ்கில் ஒழுங்காக வைக்கும் ஒரு ஃபைல்சிஸ்டம். 'இந்தப் பைலை இப்போதே டிஸ்கில் உறுதியாக எழுதிவிடு' என்று ஒரு புரோகிராம் கேர்னலிடம் கேட்பதற்கு எஃப்சிங்க் என்று பெயர். வங்கிக் கணக்கு, கடை பில், போனில் வரும் மெசேஜ், எல்லாம் இந்த வாக்குறுதியை நம்பித்தான் தூங்குகின்றன. அந்த வழியில் ஒரு 'இஃப்' நின்றுகொண்டிருந்தது. டிஸ்குக்குள் இருக்கும் தற்காலிக கேஷை நிரந்தரமாக எழுதச் சொல்லும் ஃப்ளஷ் கட்டளையை அனுப்புவது அதன் வேலை. எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. எடுத்துவிட்டேன். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. இத்தனை வருசமாக உலகத்தில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே என்று, அவர்களுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.

முதல் டெஸ்டை என் லப்டொப்பிலேயே செய்தேன். புதுக் கேர்னலைப் போட்டு பூட் செய்தேன், வேலை செய்தது. அந்த நேரம் பார்த்து அம்மா திருச்சிச் சித்தியோடு அதே லப்டொப்பில் வீடியோ கோலில் உட்கார்ந்தார். பாதிப் பேச்சில் சித்தியின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்தது. கேப்ஸ் லொக் லைட் மினுக்கத் தொடங்கியது. கேர்னல் பனிக். "இந்தியாவுல லயின் சரியில்ல போல" என்றார் அம்மா. நான் மறுக்கவில்லை.

இதற்காகத்தான் விஎம் இருக்கிறது. கொம்பியூட்டருக்குள் ஒரு பொய்க் கொம்பியூட்டர். பொய் மெமரி, பொய் டிஸ்க், பொய் நெட்வேர்க் கார்ட். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: புதுத் தேர் செய்தால், அம்மனை ஏற்றுவதற்கு முன் வெறும் தேரை ஒரு சுற்று வெள்ளோட்டம் விடுவார்கள். அதே காரியம்தான். 1970களின் தொடக்கத்திலேயே ஐபிஎம் பொறியியலாளர்கள், இன்னும் கைக்கு வராத மெஷினுக்கான ஓப்பரேட்டிங் சிஸ்டத்தை விஎம்முக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். விஎம்களை ஓட்டும் கியூஎமுவை ஃபப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்டார். விஎம்மை வேகமாக ஓட்ட உதவும் கேவிஎம் 2007இல் லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அதாவது நான் சித்தியை உறைய வைத்த அன்றைக்கும், இந்த வசதி முழுக்க என் லப்டொப்பில் இலவசமாகக் கிடந்தது.

சரி, விஎம்முக்கு மாறினேன். அதற்கு முதலில் கேர்னலைக் கம்பைல் செய்ய வேண்டும். 'மேக்' கட்டளைக்குப் பின்னால் 'ஜே' போட்டு, ஒரே நேரத்தில் எத்தனை வேலையைச் செய்யலாம் என்று ஓர் எண்ணைச் சொல்வது வழக்கம். எண்ணைச் சொல்ல மறந்தால், வரம்பே இல்லை, இஷ்டத்துக்குச் செய் என்று அர்த்தம். மறந்தேன். மவுஸ் அசையவில்லை. கீபோர்ட் கேட்கவில்லை. விசிறி போட்ட சத்தத்தில் பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போனது. அறையில் சரியான முடிவை எடுத்தது அது ஒன்றுதான்.

எண்ணைப் போட்ட பிறகும் இரவு முழுக்க ஓடியது. பிறகுதான் விளங்கியது, லப்டொப்பில் இருந்த உபுண்டு லினக்ஸின் கொன்ஃபிகரேஷனை அப்படியே எடுத்திருக்கிறேன். உலகத்தில் விற்ற எல்லா டிவி கார்டுக்கும், சவுண்ட் கார்டுக்கும், நான் படத்திலும் பார்க்காத நெட்வேர்க் சாமான்களுக்கும் டிரைவர் கம்பைல் ஆகிக்கொண்டிருந்தது. என் விஎம்முக்குத் தேவைப்பட்டது ஒரு டிஸ்கும் ஒரு கன்சோலும். அந்தக் கன்சோலைத்தான் மறந்திருந்தேன்.

விஎம்மை முடுக்கினால் கறுப்புத் திரை. சீரியல் கன்சோலில் பேசு என்று கேர்னலுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும், சொல்லவில்லை. அது பாட்டுக்கு உள்ளே பேசிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை. ஒருவழியாகக் கேட்கத் தொடங்கியதும் அது சொன்ன முதல் விசயம்: ரூட் ஃபைல்சிஸ்டத்தைக் காணோம், பனிக். கேட்காமலே இருந்திருக்கலாம்.

அதைச் சரி செய்தால், பூட் ஆவதற்குள் பிளேன்டி ஆறிப்போகும் அளவுக்கு மந்தம். விஎம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி, அலுவலகத்தில் இரண்டு பேருக்கு அதை விளக்கியும் இருக்கிறேன். கடைசியில் பார்த்தால் பயோஸில் வேர்ச்சுவலைசேஷன் ஓஃப் ஆகிக் கிடந்தது. கேவிஎம் தூங்க, கியூஎமு ஒவ்வொரு கட்டளையையும் தானே மொழிபெயர்த்து மூச்சு வாங்கியிருக்கிறது. ஒரு சுவிட்ச். போட்டதும் சில வினாடியில் பூட். அந்த இரண்டு பேரிடமும் இதைச் சொல்லவில்லை.

இனி எல்லாம் தானாக நடக்க வேண்டும் என்று ஸ்கிரிப்ட் எழுதினேன். விஎம்மை எழுப்பு, டெஸ்டை ஓட்டு, முடிவை எழுது, விஎம்மைக் கொல்லு, மறுபடி எழுப்பு. நான் தூங்க, மெஷின் வேலை செய்யும் என்ற கனவு. பனிக் ஆனால் கேர்னல் அப்படியே நின்றுவிடும். ரீபூட் ஆகு, இல்லாவிட்டால் வெளியேறு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்கிரிப்டுக்கும் இவ்வளவு நேரம்தான் காத்திரு என்று ஓர் எல்லை போட வேண்டும். இரண்டும் செய்யவில்லை. விஎம் நள்ளிரவுக்கு முன்பே செத்துவிட்டது. ஸ்கிரிப்ட் விடியும்வரை பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தது.

இந்த ஸ்கிரிப்ட் வளர்ந்து வளர்ந்து, எனக்கே விளங்காத நிலைக்கு வந்த பிறகுதான் விர்ட்மி-என்ஜி என்ற சாமான் கண்ணில் பட்டது. ஆன்டி லுடோமிர்ஸ்கி தொடங்கிய விர்ட்மியை வைத்து அன்ட்ரியா ரீகி வளர்த்தது. ஒரே ஒரு கட்டளை. கம்பைல் செய்த கேர்னலை, நம் மெஷினின் பைல்களையே பார்வைக்கு வைத்து, சில வினாடியில் விஎம்மாக எழுப்பிவிடும்; உள்ளே என்ன நாசம் செய்தாலும் வெளியே ஒட்டாது. டிஸ்க் இமேஜ் செய்யத் தேவையில்லை, ரூட் ஃபைல்சிஸ்டம் தேடத் தேவையில்லை. என் ஸ்கிரிப்டின் முக்கால்வாசி அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியது. இருந்தும் நான் என் ஸ்கிரிப்டையே வைத்துக்கொண்டேன். கஷ்டப்பட்டுச் செய்தது, விட மனம் வரவில்லை.

இப்போது அந்த நூற்றுக்கு நூறு விசயத்துக்கு வருகிறேன்.

பல இரவு பாஸ் ஆன பிறகு, சும்மா ஒரு நாள் விஎம்முக்குள் போய் 'யூநேம்' அடித்துப் பார்த்தேன். என் கேர்னலின் பெயர் வரவில்லை. உபுண்டுவின் கேர்னல் பெயர் வந்தது. டிஸ்க் இமேஜுக்குள் இருந்த பூட்லோடர் அதனிடம் இருந்த பழைய கேர்னலையே எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கியது உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் கம்பெனியின் கேர்னல். அவர்களுக்கு வாழ்த்துகள்.

திருத்தினேன். இப்போது ஓடுவது என் கேர்னல்தான். மறுபடியும் நூற்றுக்கு நூறு! இந்தத் தடவை கொஞ்சம் புத்தி வந்து, வேண்டுமென்றே ஒரு டெஸ்டை உடைத்துப் பார்த்தேன். இரண்டும் இரண்டும் ஐந்தா என்று கேட்கும் டெஸ்ட். அதுவும் பாஸ். டெஸ்டின் வெளியீட்டைத் திரையிலும் பைலிலும் ஒன்றாக எழுத 'டீ' என்ற கட்டளைக்குள் குழாய் வழியே அனுப்பியிருந்தேன். ஸ்கிரிப்ட் கடைசியாகப் பார்ப்பது டெஸ்டின் முடிவை அல்ல, டீயின் முடிவை. டெஸ்ட் தோற்றால் என்ன, செத்தால் என்ன, டீ தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு 'எல்லாம் நலம்' என்று சொல்லிவிடும். இத்தனை இரவும் நான் பரிசோதித்தது, டீ வேலை செய்கிறதா என்பதை.

செய்கிறது. நம்பலாம்.

அதையும் திருத்தினேன். ஒரு நாள் இரவு லொக்கில் பயங்கரமான வரி ஒன்று: சொஃப்ட் லொக்கப், சிபியு 0 இத்தனை வினாடியாகச் சிக்கிக் கிடக்கிறது. எனக்குக் கை நடுங்கியது. கேர்னல் பக் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்! விலாவாரியாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, முக்கியமான இடங்களைச் சிவப்பில் போட்டு, கேர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பினேன். அங்கே எச்டிஎம்எல் மின்னஞ்சலை ஏற்பதில்லை. வெறும் எழுத்து மட்டும்தான். கடிதம் அப்படியே திரும்பி வந்தது. வந்த இடைவெளியில்தான் யோசித்தேன்: அந்த இரவு அதே லப்டொப்பில் தங்கச்சியின் பிறந்தநாள் வீடியோவைக் கன்வேர்ட் செய்யப் போட்டிருந்தேன். வெளியே சிபியு முழுக்க கேக் வெட்டிக்கொண்டிருக்க, உள்ளே விஎம்முக்கு முறை கிடைக்காமல், தான் சிக்கிக்கொண்டதாக அது நினைத்திருக்கிறது. என் மானத்தைக் காப்பாற்றியது சிவப்பு எழுத்து.

மனிதர்கள் திட்டினால்கூடத் தாங்கலாம். அங்கே ரோபோக்களும் இருக்கின்றன. இன்டெல் நடத்தும் கேர்னல் டெஸ்ட் ரோபோ, யார் பேட்ச், அதாவது கோட் திருத்தம், போட்டாலும் எடுத்துக் கம்பைல் செய்து, விஎம்களில் ஓட்டி, பிழை இருந்தால் எல்லோரும் பார்க்கப் பதில் போடும். கூகுளின் சிஸ்பொட் 2017இலிருந்து இரவு பகலாக விஎம்களுக்குள் கேர்னலிடம் தாறுமாறான சிஸ்டம் கோல்களை எறிந்து, ஆயிரக்கணக்கான பக்குகளைப் பிடித்திருக்கிறது. ஒரு மெஷின் என்னைத் திருத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெரியப்பா அதை வாசிப்பாரோ என்பதுதான் கவலை.

ஆகவே அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு டெஸ்ட் பாக்கி. எஃப்சிங்க் செய்த பைல், கரண்ட் போனாலும் பிழைக்க வேண்டும். என் பேட்ச் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்தானே? கரண்ட் போவதைப் பற்றி ஒரு கண்டிக்காரனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்பது என் எண்ணம். 210 மெகாவாட் விக்டோரியா மின்நிலையம் எங்கள் மாவட்டத்தில். பொல்கொல்லை அணைக்கட்டு வீட்டிலிருந்து ஓட்டோவில் போகும் தூரம். அப்படி இருந்தும் 2022 மின்வெட்டுக் காலத்தில் மற்ற எல்லோரையும் போல நாங்களும் வலய எழுத்து வாரியாக அட்டவணை பார்த்து, எந்த நேரம் லைட் இருக்கும் என்று சமையலைத் திட்டமிட்டோம். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால வெட்டு. என் லப்டொப் பெட்டரி உயிரை விட்டதும் அந்தக் காலத்தில்தான். புதுசு வாங்கலாம் என்று கொட்டுகொடல்ல வீதியில் விலை கேட்டுவிட்டு, கரண்ட் வந்தால் பெட்டரி எதற்கு என்று வந்துவிட்டேன்.

டெஸ்ட் இதுதான்: விஎம்முக்குள் பைல் எழுது, எஃப்சிங்க் செய், அடுத்த நொடி வெளியிலிருந்து 'கில் மைனஸ் 9' போட்டு விஎம்மை ஒரே வெட்டாகக் கொல்லு. பிறகு எழுப்பி, பைல் இருக்கிறதா பார். இதற்கு 'மின்வெட்டு டெஸ்ட்' என்று பெயரும் வைத்தேன். எத்தனை தடவை கொன்றாலும் பைல் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது. இப்போது டீயும் இல்லை, உபுண்டு கேர்னலும் இல்லை. உண்மையான பாஸ். பேட்சுக்கு முன்னுரை எழுதத் தொடங்கினேன். மின்வெட்டு டெஸ்டில் தேறியது என்று தடித்த எழுத்தில், எச்டிஎம்எல் இல்லாமல்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்கு முன், டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. பெட்டரி இல்லாத லப்டொப் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கறுத்தது. பக்கத்து வீட்டு அங்கிள் மதிலுக்கு மேலால் எட்டி, "லயிட் கியாத, புத்தே?" (லைட் போச்சா, மகன்?) என்று கேட்டார். எங்கள் வீட்டில் மட்டும் போகவில்லை என்று தெரிந்ததில் இரண்டு பேருக்கும் ஒரு நிம்மதி. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது, நாடு முழுக்கப் போயிருக்கிறது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு டிரான்ஸ்போமரில் பட்டதால் என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி சொன்னார். உடவத்தகெலே பக்கம் இறங்கும் குரங்குகளோடு தினமும் மாங்காய்க்கு மல்லுக்கட்டுகிறவர்கள் நாங்கள். ஒரு பாணந்துறைக் குரங்கு இவ்வளவு பெரிய பெயரைத் தட்டிக்கொண்டு போனதில் கண்டிக்காரர்களுக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமைதான்.

கரண்ட் வந்து மெஷினைப் போட்டேன். விஎம்மின் டிஸ்க் இமேஜ் உடைந்திருந்தது. ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓடி, கேள்வி மேல் கேள்வி கேட்டு, தெரியாத எண்களைப் பெயராக வைத்து அநாதைப் பைல்களை ஒரு மூலையில் குவித்தது. எஃப்சிங்க் செய்த பைல்களில் பல இல்லை. 'மின்வெட்டு டெஸ்டில் தேறியது' என்று நான் எழுதிக்கொண்டிருந்த முன்னுரையைத் தேடினேன். இருந்தது. 0 பைட்.

பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன், இதை முதலிலேயே செய்திருக்கலாம். விஎம்மின் டிஸ்க் என்பது என் லப்டொப்பில் கிடக்கும் ஒரு பைல். விஎம் 'எழுது' என்று சொன்னதெல்லாம் முதலில் லப்டொப் கேர்னலின் மெமரியில் போய்ச் சேர்கிறது. கியூஎமுவை நான் கொன்றாலும் அந்த மெமரி சாகவில்லை. லப்டொப் உயிரோடு இருக்கிறதே, அது சாவகாசமாக எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதிவிடும். அதனால் 'கில் மைனஸ் 9' கேர்னல் செத்ததை நடிக்கும், கரண்ட் போனதை நடிக்காது. கரண்ட் போனால் டிஸ்கின் சொந்தக் கேஷில் இருந்ததும் சேர்ந்து போகும். நான் எடுத்துவிட்ட அந்த ஃப்ளஷ் உதவுவது அந்த ஒரு கணத்தில் மட்டும்தான். அந்தக் கணம் வராதபடி நானே டெஸ்டை எழுதியிருக்கிறேன்.

போதாக்குறைக்கு, வேகத்துக்காக கியூஎமுவின் டிஸ்க் கேஷை 'அன்சேஃப்' என்று வைத்திருந்தேன். அப்படி வைத்தால் விஎம் ஃப்ளஷ் கேட்டாலும் கியூஎமு காதில் போட்டுக்கொள்ளாது. அன்சேஃப் என்று எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். அது மற்றவர்களுக்கு என்று நினைத்தேன்.

இதையெல்லாம் முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2014இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் முதலானோர் 'அலிஸ்' என்ற கருவியால், கிட், எஸ்கியூலைட் உட்பட 11 புரோகிராம்களில், நடுவழியில் கரண்ட் போனால் வெளிப்படும் 60 ஓட்டைகளைக் காட்டினார்கள். பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது நெஞ்சு நிமிர்ந்தது. எதற்கு என்று கேட்காதீர்கள், நான் ஒன்றும் செய்யவில்லை.

அதே விஜய் சிதம்பரம் பிறகு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்டின் வளாகத்தில் ஜெயஸ்ரீ மோகன், பாண்டியன் ராஜு முதலானோரோடு 2018இல் இன்னொன்று கொண்டுவந்தார். 65 மெஷின்கள், அவற்றில் 780 விஎம்கள், இரண்டு நாள், 33 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன டெஸ்டுகள். ஒவ்வொன்றிலும் டிஸ்குக்குப் போனதையெல்லாம் பதிந்து, 'இந்த இடத்தில் கரண்ட் போயிருந்தால்' டிஸ்க் எப்படி இருந்திருக்கும் என்று மறுபடி கட்டி, மவுன்ட் செய்து, எஃப்சிங்க் செய்தது இருக்கிறதா என்று பார்ப்பது. எத்தனையோ பேர் தினமும் நம்பிப் பாவிக்கும் லினக்ஸ் ஃபைல்சிஸ்டங்களில் 10 புதுப் பக்குகள் அகப்பட்டன. அவற்றில் 7, 2014இலிருந்தே கேர்னலுக்குள் குடியிருந்தவை. ஒரு பிளக்கைக்கூடப் பிடுங்காமல் இத்தனையும். அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் கிராஷ்மங்கி. பாணந்துறைக்கு முன்பே!

அவர்களிடம் இருந்த 780 விஎம் என்னிடம் இல்லை. ஆனால் டிஸ்குக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தையும் ஃப்ளஷையும் வரிசையாகக் குறித்து வைக்கும் லொக்-ரைட்ஸ் என்ற வசதி 2015இலிருந்து கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. (இந்தக் கதையில் நான் தேடிப் போன எல்லாமே எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.) அதை விஎம்முக்குள் மாட்டி, எஃப்சிங்க் முடிந்த புள்ளி வரைக்கும் மட்டும் டிஸ்கை மறுபடி கட்டி, பைலைத் தேடச் சொன்னேன். 'அன்சேஃப்' எடுத்தாயிற்று. டீ இல்லை. யூநேம் இரண்டு தரம் பார்த்தாயிற்று. தங்கச்சிக்கு அன்றைக்குப் பிறந்தநாளும் இல்லை.

பைல் இல்லை. சிவப்பில் ஒரு வரி: பெயில்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இத்தனை காலத்தில் என் டெஸ்ட் சொன்ன முதல் உண்மை. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது பெயில்னுதானே போட்டிருக்கு?"

"ஆமாம்மா!"

"ஓஎல் ரிசல்ட் வந்தப்ப நீ இப்பிடிச் சிரிக்கல" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

பேட்சை ரத்து செய்து, பழைய வரியைத் திரும்ப வைப்பதற்காகப் பைலைத் திறந்தேன். இத்தனை நாளும் எடிட்டரில் கமெண்டுகளை மடித்து மறைத்து வைத்திருந்தேன், கோட் வாசிக்க இடைஞ்சல் என்று. இந்தத் தடவை விரித்தேன். நான் எடுத்த 'இஃப்'புக்கு நேர் மேலே ஒரு பத்தி கமெண்ட். கீழே இருக்கும் ஃப்ளஷ் தேவையில்லாததாகத் தெரியும், எடுத்தால் வேகமும் கூடும், எப்படியும் யாராவது ஒருத்தர் எடுக்க வருவார், தயவுசெய்து எடுக்க வேண்டாம் என்று நிதானமான ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.